அத்தான்ர துவக்கு பென்சில்வேனியாவில இருந்து டெக்சாஸ் போன கதை: ரெண்டு கடைக்கும் என்ர மார்க்

முதலே மார்க்கைச் சொல்லிப்போடுறன். அனுப்பின கடைக்கு 5க்கு நாலரை. அங்கால வாங்கிக் குடுத்த கடைக்கு 5க்கு ரெண்டரை, அதுவும் பிறகு வந்து கவுண்டரில நிண்ட வயசான மனிசனுக்காகத்தான், இல்லாட்டி ஒண்டுதான். ரெண்டு கடையின்ர பேரும் போடேல்ல, நான் அந்தக் கடை வாசலே மிதிக்காத ஆள், திருகோணமலையில இருந்து பேப்பரும் போனும் மட்டும் பார்த்தனான். ஆனா அந்தப் பேப்பர் எல்லாம் என்ர கையால போனதுதான், அதால எழுதுறன்.

எனக்கு ஹார்பர் பக்கம் கிளியரிங் டொக்கியுமென்ட் வேலை. ஆர் அனுப்புறது, ஆர் எடுக்கிறது, ஆரின்ர பேரில சாமான் வருது, இடையில ஆர் பொறுப்பு, இதுதான் நாள் முழுக்க. அக்கா குடும்பம் பென்சில்வேனியாவில, அத்தானுக்கு டெக்சாஸில வேலை கிடைச்சு மாறவேண்டி வந்திட்டுது, அவரிட்ட ஒரு ரைபிள் கிடக்கு, ரெமிங்டன் 700, போல்ட் அக்ஷன் (போல்ட் எண்ட தண்டைக் கையால இழுத்துத் தோட்டா ஏத்துறது), தேர்ட்டி-ஓட்-சிக்ஸ் தோட்டா போடுறது. வேலையிடத்து ஆக்களோட மான் வேட்டைக்குப் போய்ப் பழகினவர், அங்க நவம்பர் கடைசியில மான் சீசன் தொடங்கினா பாதி ஊரே லீவு போடுமாம். இதை எப்பிடி டெக்சாஸுக்குக் கொண்டுபோறது எண்டு கேட்டு எனக்கு வட்ஸ்அப்பில ஒரு பெரிய வொய்ஸ் மெசேஜ். "தம்பி நீதானே ஷிப்பிங்கில இருக்கிறாய், உந்தக் கண்டிசனை எல்லாம் ஒருக்கா வாசிச்சுச் சொல்லு" எண்டு. அத்தான் தன்ர வீட்டு அக்ரிமென்டையே வாசிக்காம சைன் வைச்ச ஆள்.

இஞ்ச கனபேர் நினைக்கிறது அமெரிக்காவில துவக்கு எண்டா கடையில பாண் வாங்கிறமாதிரி, வாங்கினா வீட்ட கொண்டுபோ, விரும்பின இடத்துக்கு அனுப்பு எண்டு. வாங்கிறது லேசுதான், கன மாநிலத்தில. அனுப்பப் பார்த்தாத்தான் கயிறு எங்க கட்டியிருக்கு எண்டு தெரியும்.

முதல்ல மூவிங் கொம்பனி. சோபா, கட்டில், அக்கா யாழ்ப்பாணத்தில இருந்து கொண்டுபோன அம்மியைக்கூட ஏத்தினவங்கள், துவக்கெண்டோன தலையாட்டிப் போட்டாங்கள். ஃபெடரல் சட்டம் மறிக்கேல்ல, வீடு மாறுறவர் தன்ர துவக்கைச் சாமானோட அனுப்பலாம், மூவிங்காரனுக்கு அறிவிக்கவேணும் அவ்வளவுதான். ஆனா கொம்பனிக்கெண்டு ஒரு பொலிசி இருக்கு, அதுக்கு மேல கதைக்க ஏலாது. பிறகு பெரிய கூரியர். யூபிஎஸ், ஃபெடெக்ஸ் ரெண்டுமே இப்ப சாதாரண ஆக்களிட்ட துவக்கு எடுக்கிறேல்ல, லைசென்ஸ் இருக்கிற டீலர் மாதிரி ஆக்கள், அதுவும் தங்களோட ஒப்பந்தம் செய்த ஆக்களிட்ட மட்டும்தான். இதை ஒளிச்சு வேற சாமான் எண்டு சொல்லி அனுப்புற விசர் வேலைக்கு ஆரும் போகவேண்டாம், பார்சல் பிடிபட்டா துவக்கு மட்டுமில்ல ஆளும் உள்ளுக்க.

இதில விளங்கவேண்டிய விசயம் ஒண்டுதான். 1968ல போட்ட கன் கொன்ட்ரோல் அக்டில ஒரு மாநிலத்தில இருக்கிற சாதாரண ஆள் இன்னொரு மாநிலத்தில இருக்கிற சாதாரண ஆளுக்கு நேரா துவக்குக் குடுக்கேலாது, இடையில லைசென்ஸ்காரன் ஒருத்தன் வரவேணும், அவனைத்தான் எஃப்எஃப்எல் எண்டு சொல்லுறது. ஆனா உங்கட துவக்கை உங்களுக்கே அனுப்பினா அது கைமாறுற கணக்கில வராது. "இன்னார் பொறுப்பில" எண்டு எழுதி அங்க இருக்கிற ஒருத்தரின்ர விலாசத்துக்கு உங்கட பேரிலயே அனுப்பலாம், அவர் பெட்டியைத் திறக்கக்கூடாது, நீங்க போய்த்தான் திறக்கவேணும். ரைபிள், ஷொட்கன் ரெண்டையும் அந்த நாட்டுத் தபால் திணைக்களமே இப்பிடி எடுக்குது, வாங்கிறவர் சைன் வைக்கவேணும்.

அப்ப ஏன் தபாலில போடேல்ல எண்டு கேப்பீங்கள். ஹூஸ்டனில எங்கட சொந்தம் ஒண்டு இருக்கு, அவையின்ர விலாசத்தைக் கேட்டம், அந்த மனிசி துவக்குப் பெட்டி தன்ர வீட்டு வாசல் மிதிக்கக்கூடாது எண்டு நேரா அக்காவுக்கே சொல்லிப்போட்டா. பிழை சொல்லேலாது. மூதூரில பிறந்து எல்லாத்தையும் பார்த்திட்டுப் போன மனிசி. எங்கட ஊரில இண்டைக்கும் துவக்கெண்டு சொன்னா கதைக்கிற சனம் குரலைக் குறைக்குது.

அப்ப மிஞ்சினது கடையில இருந்து கடைக்கு அனுப்புறது. அத்தான்ர டவுனில ஒரு சின்னக் கடை, தகப்பனும் மகனுமா நடத்துறது. அங்க விடிய ஒன்பது மணிக்குக் கடை திறக்கேக்க இஞ்ச பின்னேரம் ஆறரை, நான் வேலை முடிச்சு வந்து தேத்தண்ணியோட போனில இருப்பன், அத்தான் ஸ்பீக்கரில போட்டுவிடுவார். அந்தத் தகப்பன்காரன் கேட்ட முதல் கேள்விக்கே எனக்கு மனிசனைப் பிடிச்சுப்போட்டுது. துவக்கு என்ன மொடல், எவ்வளவு பெறுமதி எண்டொண்டும் கேக்கேல்ல, "அங்கால வாங்கப்போற கடை எது, அவங்கட லைசென்ஸ் கொப்பி எங்க" எண்டுதான் கேட்டவர். கன்சைனி, அதுதான் சாமானை எடுக்கப்போறவர் ஆரெண்டு தெரியாம பெட்டி கட்டாத ஆள். எங்கட ஒபிஸில இப்பிடி ஒரு ஆள் இருந்தா பாதித் தலையிடி இல்லை.

டெக்சாஸ் கடையின்ர லைசென்ஸ் கொப்பி வந்தோன அந்த நம்பரை ஏடிஎஃப் எண்ட, துவக்கு லைசென்ஸ் பார்க்கிற ஃபெடரல் திணைக்களத்தின்ர வெப்சைட்டில போட்டு, லைசென்ஸ் உயிரோட இருக்கோ, விலாசம் பொருந்துதோ எண்டு பார்த்தவர். இந்தச் செக்கை ஆரும் இலவசமாச் செய்யலாம். பிறகு அத்தான்ர ஐடி, துவக்கின்ர சீரியல் நம்பர், எல்லாம் தன்ர புத்தகத்தில எழுதினவர். உள்ள வந்தது எப்ப, ஆரிட்ட இருந்து, வெளியில போனது எப்ப, ஆருக்கு, இதை எழுதி வைக்காட்டி அவரின்ர லைசென்ஸுக்கே ஆபத்து. நீங்க குடுக்கிற காசு பெட்டிக்கும் பஞ்சுக்கும் இல்லை, அந்த ரெண்டு வரிக்குத்தான்.

பக்கிங்கும் சொல்லி வேலையில்லை. அத்தானுக்கு முன்னாலயே சேம்பரை, அதுதான் தோட்டா நிக்கிற இடத்தை, திறந்து விரல் விட்டுக் காட்டி, வெறுமையா இருக்கெண்டு அவரையும் பார்க்கச் சொல்லி, போல்ட்டைக் கழட்டி வேறயாச் சுத்தி, லொக் போட்ட ஹார்ட் கேஸுக்குள்ள வைச்சு, அதை ஒரு சாதாரண மட்டைப்பெட்டிக்குள்ள வைச்சு டேப் அடிச்சது. தோட்டா ஒண்டும் அதுக்குள்ள போகக்கூடாது, அது தனிச் சரக்கு, அதுக்கு வேற ரூல்ஸ், தபாலில தோட்டாவே எடுக்கமாட்டினம். அத்தான் தோட்டா எல்லாத்தையும் பக்கத்து வீட்டு நண்பருக்குக் குடுத்திட்டுப் போட்டார்.

எனக்குப் புதுசா இருந்தது வெளி மட்டை. எங்கட வேலையில ஆபத்தான சாமான் எண்டா நாலு பக்கமும் ஸ்டிக்கர் ஒட்டாட்டி கேட்டைத் தாண்டாது. இஞ்ச தலைகீழ். பெட்டிக்கு வெளியால துவக்கு இருக்கெண்டு காட்டுற லேபல் ஒட்டச் சொல்லிக் கேக்க கரியர்காரனுக்கு உரிமை இல்லை, சட்டத்திலயே அப்பிடி எழுதிக்கிடக்கு, ஏனெண்டா எழுதினா வழியில களவுபோயிடும். ஆனா கைச்சாத்து வாங்காம பெட்டியைக் குடுக்கவும் கூடாது. நல்ல யோசிச்சுத்தான் எழுதியிருக்கிறாங்கள்.

கடைக் கூலி 40 டொலர், கூரியர் காசும் இன்சூரன்ஸும் வேற. ஒரு சதம் கூடக் கேக்கேல்ல.

இனி டெக்சாஸ் கடை. பெரிய கடை, பெரிய போர்ட், போன் எடுத்தா முதல் பாட்டுத்தான் கேக்கும். முன்கூட்டியே கேட்டனாங்கள் என்ன கொண்டுவரவேணும் எண்டு, போனில நிண்ட பெடியன் "டிரைவிங் லைசென்ஸ் மட்டும் போதும்" எண்டான். அத்தான் போனவர். இதில இன்னொரு விசயம், தன்ர சொந்தத் துவக்கெண்டாலும் கடையின்ர புத்தகத்துக்குள்ள ஒருக்காப் போனா அது திரும்பி வரேக்க புதுசா வாங்கிறமாதிரித்தான், 4473 எண்ட ஃபோமை நிரப்பி எஃப்பிஐயின்ர நிக்ஸ் செக்கும் (ஆளுக்குத் துவக்குக் குடுக்கலாமோ எண்டு பதிவுகளில தேடிப் பார்க்கிறது) செய்யவேணும். கனபேருக்கு இது தெரியாது, அத்தானும் "என்ர துவக்குக்கு நான் ஏன் ஃபோம் நிரப்பவேணும்" எண்டு ரெண்டு நாள் புறுபுறுத்தவர்.

அந்த ஃபோமில இப்ப இருக்கிற வீட்டு விலாசம் கேக்கும், ஐடியிலயும் அதே விலாசம் இருக்கவேணும். அத்தான்ர லைசென்ஸில பென்சில்வேனியா விலாசம். பெடியன் பார்த்திட்டு "ஏலாது, புது லைசென்ஸ் எடுத்திட்டு வாங்கோ" எண்டு அனுப்பிப்போட்டான். டெக்சாஸுக்குக் குடிவந்த ஆக்களுக்கு டிரைவிங் லைசென்ஸ் மாத்த 90 நாள் டைம் இருக்கு, வாகனம் பதிய 30 நாள்தான், அதால அத்தான் வாகனத்தை முதல்ல பதிஞ்சு வைச்சிருந்தவர். நான் இஞ்ச இருந்து ஏடிஎஃப்இன்ர கேள்வி பதிலை வாசிக்கிறன், அரசாங்கம் குடுத்த பேப்பர் ரெண்டைச் சேர்த்துக் காட்டலாம், பழைய லைசென்ஸில போட்டோவும் பேரும் பிறந்த திகதியும், வாகனப் பதிவில புது விலாசம், ரெண்டும் சேர்ந்தாச் சரி எண்டு கிடக்கு. துவக்கு விக்கிற கடையில நிக்கிற பெடியனுக்கு இது தெரியேல்ல, திருகோணமலையில சீமெந்துப் பேப்பர் பார்க்கிற எனக்குத் தெரியுது. அத்தான் திரும்பிப் போகேக்க நல்லகாலம் அந்த வயசான மனிசன் நிண்டவர், பேப்பரைப் பார்த்தோன ஓம் எண்டு சொல்லிக் கதிரையும் இழுத்துப் போட்டவர்.

அதுக்குப் பிறகு பேர். எங்கட ஆக்களின்ர பேர் உந்த ஃபோமுக்குள்ள போய் நுழையிறது ஒரு தனிக் கூத்து. தகப்பன்ர பேர் முன்னுக்கு, சொந்தப் பேர் பின்னுக்கு, நடுப்பேர் எண்டு ஒண்டே இல்லை, பாஸ்போர்ட்டில ஒருமாதிரி, கிரீன் கார்டில இன்னொருமாதிரி. நடுப்பேர் இல்லாட்டி அந்தக் கட்டத்தை வெறுமையா விடக்கூடாது, என்எம்என் எண்டு எழுதவேணும். பேரே வெறும் இனிஷல்தான் எண்டா அந்த எழுத்துக்குப் பக்கத்தில ஐஓ எண்டு எழுதவேணும். ஃபோமின்ர குறிப்பிலயே கிடக்கு, வாசிச்சிட்டுப் போங்கோ, இல்லாட்டி கவுண்டரில நிண்டு வேர்க்கும். கிரீன் கார்ட்காரர் தங்கட ஏலியன் நம்பரும் எழுதவேணும். எச்-1பி வேலை விசா போல தற்காலிக விசாவில இருக்கிற ஆக்களுக்குப் பொதுவா துவக்கு வைச்சிருக்கவே ஏலாது, வேட்டை லைசென்ஸ் எடுத்தா ஒரு விலக்கு இருக்கு, ஆனா அதைக் கடைக்காரனிட்ட கேட்டு முடிவெடுக்கவேண்டாம், இமிகிரேஷன் லோயரிட்ட கேளுங்கோ. விசா போனா துவக்கை வைச்சு என்ன செய்யிறது.

நிக்ஸ் செக் 1998ல இருந்து நடக்குது. மூண்டு பதில்ல ஒண்டு வரும்: குடுக்கலாம், பொறு, குடுக்கக்கூடாது. கன ஆக்களுக்கு நிண்ட நிலையில பதில் வந்திடுமாம். அத்தானுக்கு வந்தது "பொறு". அண்டைக்கு இஞ்ச ராத்திரி, எனக்குப் போன் எடுத்தவரின்ர குரல் அப்பிடியே மாறிப்போச்சு. "தம்பி, என்ர பேர் எங்கயோ கிடக்குபோல" எண்டார். அமெரிக்காவில பிறந்து வளர்ந்த ஒருத்தனுக்கு அது ஒரு சின்ன லேட் மட்டும்தான். அத்தான் தொண்ணூறுகளில திருகோணமலையில பெடியனா இருந்தவர், ஐடியை வாங்கிப் பார்த்திட்டு ஓரமா நில் எண்டு சொன்னா நெஞ்சு என்ன செய்யும் எண்டு தெரிஞ்ச தலைமுறை. கடையில நிண்ட பெடியன் ஒரு வசனம் சொல்லியிருந்தாக் காணும், ஒத்த பேர், ஒத்த பிறந்த திகதி இருந்தாலும் இப்பிடி வரும், பயப்பிடாதேங்கோ எண்டு. சொல்லேல்ல. "வந்தாக் கோல் பண்ணுவம்" எண்டு போட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டானாம். ஒண்டரை ஸ்டார் அதுக்கே போச்சு.

மூண்டு வேலை நாள் தாண்டியும் பதில் வராட்டி கடைக்காரன் விரும்பினாக் குடுக்கலாம் எண்டு ஃபெடரல் சட்டம் சொல்லுது, ஆனா குடுத்தே ஆகவேணும் எண்டில்லை, இந்தக் கடை பதில் வரும்வரைக்கும் குடுக்கமாட்டன் எண்டு நிண்டது. அதைக்கூடப் பிழை சொல்லமாட்டன், அவங்கட பயம் அவங்களுக்கு. ஆனா அவ்வளவு நாளும் துவக்கை வைச்சிருந்ததுக்கெண்டு தனியாக் காசு பிடிச்சது, முதல் போனில அதைப்பற்றி ஒரு சொல்லுக்கூடச் சொல்லாதது, இது சரியான குள்ள வேலை. கடைசியில "குடுக்கலாம்" வந்து எல்லாம் முடிஞ்சுது. அடிக்கடி இப்பிடி லேட் வாற ஆக்கள் எஃப்பிஐயிட்ட யூபிஐஎன் எண்ட ஒரு தனி நம்பருக்கு எழுதிப்போடலாம், அடுத்தமுறை ஃபோமில அதையும் எழுதினா உங்களையும் உங்கட பேர்க்காரனையும் குழப்பமாட்டினம்.

இவ்வளவையும் பார்த்த பிறகு என்ர அபிப்பிராயம், நீங்களே அந்த மாநிலத்துக்குப் போறீங்களெண்டா கடைக்குக் காசு குடுக்காதேங்கோ, கையோட கொண்டுபோங்கோ. பிளேனில கொண்டுபோகலாம், தோட்டா கழட்டி, லொக் போட்ட ஹார்ட் கேஸில, செக்-இன் லக்கேஜா, கவுண்டரில துவக்கெண்டு வாயால சொல்லி. பெட்டிச் சாவி உங்கட கையிலதான் இருக்கவேணும். ஃபோமும் இல்லை, நிக்ஸும் இல்லை, ஏனெண்டா அது உங்கட கையை விட்டுப் போகேல்ல. அத்தானுக்கும் அதைத்தான் சொன்னனான், அக்காதான் விடேல்ல. "ரெண்டு பிள்ளையளையும் இழுத்துக்கொண்டு ஏர்போட்டில துவக்குப் பெட்டியோட நிக்க நான் வரமாட்டன், வேணுமெண்டா நீங்க துவக்கோட போங்கோ, நான் பிள்ளையளோட போறன்" எண்டிட்டா. அதுக்கு மேல அத்தான் வாய் திறக்கேல்ல.

காரில போற ஆக்களுக்கு 1986ல வந்த ஒரு பாதுகாப்புச் சட்டம் இருக்கு, புறப்படுற இடத்திலயும் போய்ச் சேருற இடத்திலயும் உங்களுக்கு அந்தத் துவக்கு வைச்சிருக்க உரிமை இருந்தா இடையில வாற மாநிலத்துக்குள்ளால போகலாம், தோட்டா இல்லாம, கைக்கு எட்டாம, டிக்கிக்குள்ள. ஆனா "போகலாம்" எண்டா போய்க்கொண்டே இருக்கவேணும். 2005ல ஒரு ஆள் யூட்டாவில இருந்து பென்சில்வேனியாவுக்குப் போகேக்க பிளேன் லேட்டாகி நியூ ஜேர்சியின்ர நியூவார்க்கில மாட்டுப்பட்டு, லக்கேஜைக் கையில எடுத்துக்கொண்டு ஹோட்டலில ஒரு இரவு தங்கிப்போட்டு, விடிய ஏர்போட்டில துவக்கெண்டு ஒழுங்காச் சொன்னவர், அந்த இடத்திலயே அரெஸ்ட். பிறகு கேஸ் போட்டும் 2010ல மேல் கோர்ட் அந்தச் சட்டம் அவரைக் காப்பாத்தாது எண்டிட்டுது, ராத்திரி துவக்கு அவரின்ர கைக்கெட்டத்தானே கிடந்தது எண்டு. நியூ ஜேர்சி, நியூயோர்க் பக்கம் பிளேன் மாறுற டிக்கெட்டே எடுக்காதேங்கோ.

பிஸ்டல் எண்டா இன்னும் இறுக்கம். சாதாரண ஆக்கள் அதைத் தபாலில போடேலாது எண்டு 1927ல போட்ட சட்டம், இப்ப அதை எதிர்த்துக் கோர்ட்டுக்கும் போயிருக்கினம், அதால போடுற அண்டைக்கு என்ன நிலைமை எண்டு தபால் கந்தோரில கேட்டிட்டே போடுங்கோ. அதோட பிஸ்டலை நீங்க குடியிருக்கிற மாநிலத்துக் கடைக்காரன் மட்டும்தான் உங்களிட்டக் குடுக்கலாம், ரைபிள் எண்டா அவ்வளவு இறுக்கமில்லை.

தம்பலகாமத்தில எங்கட பெரியப்பாட்ட வயலுக்குப் பன்றி வருதெண்டு கச்சேரியால (மாவட்டச் செயலகத்தால) எடுத்த லைசென்ஸ் துவக்கு ஒண்டு இருந்தது, ட்வெல்வ் போர் ஷொட்கன். 1916ம் ஆண்டுச் சட்டம், வருசம் வருசம் டிசம்பருக்குள்ள புதுப்பிக்கவேணும், ஒவ்வொரு வருசமும் அந்த மனிசன் ஃபைலைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு வந்து வெயிலுக்க நிக்கும். அத்தான்ர கதையைச் சொன்னன். "அப்ப அங்க வாங்கிறது லேசு, கொண்டுபோறதுதான் வில்லங்கம், இஞ்ச வாங்கவே விடமாட்டான்" எண்டு சிரிச்சவர். மாகாணம் ஒன்பது இருந்தாலும் எங்களுக்குச் சட்டம் ஒண்டுதான், அங்க மாநிலம் அம்பதுக்கும் அம்பது விதம், அதுக்கு மேல ஃபெடரல் வேற.

இன்னொண்டு, சிரிப்பா இருந்தாலும் சொல்லவேணும். டோர்-டு-டோர் பெட்டி ஊருக்கு அனுப்பேக்க பழைய ரைபிள் ஸ்கோப் (குறி பார்க்கிற கண்ணாடிக் குழாய்), வெறும் தோட்டாக்கோது, துவக்குப் பாட்ஸ் ஒண்டும் "சும்மா ஒரு நினைவுக்கு" எண்டு உள்ளுக்க வைக்கவேண்டாம். அங்கால எக்ஸ்போர்ட் லைசென்ஸ் கேக்கிற சாமான், இஞ்சால கஸ்டம்ஸில திறந்தா பெட்டி ஆருக்கு வந்ததோ அவர்தான் பதில் சொல்லவேணும். கொழும்பில அண்டைக்கு நிக்கப்போறது உங்கட அம்மா.

அனுப்பின கடைக்கு ஏன் அரை ஸ்டார் குறைச்சனான் எண்டா, அந்தத் தகப்பன்காரன் ஸ்கோப்பைக் கழட்டாம துவக்கோடயே பக் பண்ணிப்போட்டார். பெட்டியில ஒரு கீறல் இல்லை, ஆனா வழியில எங்கயோ நல்லா விழுந்திருக்கு, டெக்சாஸில ரேஞ்சுக்குக் கொண்டுபோய்ச் சுட்டா எல்லாம் வலப்பக்கமாப் போகுதாம், பிறகு ஒரு பெட்டித் தோட்டா முடியிறவரைக்கும் சுட்டுச் சுட்டுத்தான் நேராக்கினவர். ஸ்கோப்பைக் கழட்டிக் கையோட கொண்டுபோங்கோ, பிளேனில கேபின் பாக்குக்குள்ள ஸ்கோப்பை விடுவினம், போல்ட்டை விடமாட்டினம்.